முதல் மாத்திரைக்கு முன்னால் ஓர் ஊசி

எலும்பு மருத்துவர்களிடமிருந்து எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "மேடம், முழங்கால் மூட்டு மாத்தின பேஷன்ட். தையல் போட்ட இடத்துல நீர் கசியுது. என்ன ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கலாம்?" நானும் ஒரே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்பேன். "மூட்டுல ஊசி போட்டு நீர் எடுத்தாச்சா?" எடுக்கவில்லை என்றால் மருந்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். கிருமி ரத்தத்தில் கலந்து, ரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கே ஆபத்து என்ற நிலை மட்டும் விதிவிலக்கு. அப்போது ரத்தக் கல்ச்சர் எடுத்த கையோடு மருந்தை ஏற்றிவிட வேண்டும். மற்ற எல்லாருக்கும் முதலில் ஊசி, பிறகுதான் மாத்திரை. கோவையில் தொற்றுநோய் மருத்துவராக வேலை பார்க்கும் இத்தனை ஆண்டுகளில், மருந்து தாமதமானதால் கெட்டுப்போன செயற்கை மூட்டுகளைவிட, மருந்து முந்திக்கொண்டதால் கெட்டுப்போனவற்றைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

காரணம் அந்த மூட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. கோபால்ட் குரோமியம், டைட்டானியம், நடுவில் பாலிஎத்திலீன், எலும்போடு பிடித்து நிறுத்த சிமென்ட். இவற்றில் எதற்கும் ரத்த ஓட்டம் கிடையாது. காவலுக்கு வரும் வெள்ளை அணுக்களும் அங்கே வந்தால் சோர்ந்து போகின்றன. உடம்புக்குள் ஓர் உலோகத்தை வைத்ததும் அதன் மேற்பரப்பைப் பிடிக்க நம் செல்களுக்கும் கிருமிக்கும் போட்டி நடக்கிறது என்று 1987-இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் ஆன்டனி கிரிஸ்டினா எழுதினார். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அப்படி. துண்டைப் போட்டது கிருமி என்றால் அது அங்கேயே உட்கார்ந்து தன்னைச் சுற்றி ஒரு வழவழப்பான படலத்தைக் கட்டிக்கொள்ளும். பயோஃபிலிம் என்பது அதுதான். அதற்குள் இருக்கும் கிருமி அவசரப்படாது, மெதுவாகத்தான் பெருகும். பெனிசிலின் வகை மருந்துகளோ வேகமாகப் பெருகும் கிருமியைக் கொல்லத் தெரிந்தவை. ஆய்வகச் சோதனையில் மிதந்து வளரும் கிருமியைக் கொல்லும் அளவைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு மருந்து கொடுத்தாலும் படலத்துக்குள் இருக்கும் கிருமி தாக்குப்பிடிக்கும்.

இதனால்தான் ஐந்து நாள் மாத்திரை பொல்லாதது. படலத்துக்கு வெளியே மிதக்கும் கிருமிகள் செத்துவிடும். காய்ச்சல் இறங்கும், வீக்கம் வடியும், வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி வரும். உள்ளே படலம் அப்படியே இருக்கும். மாத்திரை முடிந்து சில வாரத்தில் எல்லாம் திரும்பி வரும். அப்போது நீரை எடுத்து கல்ச்சர் வைத்தால் 'வளர்ச்சி இல்லை' என்று அறிக்கை வரும். கிருமி இருக்கிறது, பெயர் மட்டும் தெரியாது. மூன்று மாத சிகிச்சையை ஊகத்தின் மேல் கட்ட வேண்டியதாகிவிடும்.

மூட்டில் ஊசி போடுவது சின்ன வேலைதான், ஆனால் அலட்சியமாகச் செய்தால் மொத்தமும் வீண். தோலைச் சுத்தம் செய்து அந்தத் திரவம் தானாகக் காயும்வரை கை கட்டி நிற்க வேண்டும். துடைத்துவிட்டுக் குத்தினால் தோலில் சாதாரணமாகக் குடியிருக்கும் கிருமி ஊசியோடு வரும். அதுவேதான் செயற்கை மூட்டைத் தாக்கும் கிருமியும் என்பதால் பிறகு எதையும் நம்ப முடியாது. முட்டிச் சில்லுக்குப் பக்கவாட்டில் ஊசி நுழைந்து, சிரிஞ்சின் பிஸ்டன் இலேசாகப் பின்னுக்கு வரும்போது முதலில் நிறத்தைப் பார்ப்பேன். வைக்கோல் நிறத்தில் தெளிவாக வந்தால் மனசு லேசாகும். கலங்கலாக, பின்னால் இருக்கும் எழுத்தை மறைக்கிற மாதிரி வந்தால் பெரும்பாலும் தொற்றுதான். கொஞ்சம் செல் எண்ணிக்கைக்கு, மீதியைப் படுக்கை அருகிலேயே ரத்தக் கல்ச்சர் பாட்டிலுக்குள் செலுத்திவிடச் சொல்வேன், கிருமி பிடிபடும் வாய்ப்பு அதில் கூடுதல். இயற்கையான மூட்டில் வெள்ளை அணுக்கள் 50,000-ஐத் தாண்டினால்தான் சீழ் என்று படித்துவிட்டு வந்த இளம் மருத்துவர்கள், செயற்கை மூட்டில் 4,000 வந்திருப்பதைப் பார்த்து 'நார்மல்' என்று எழுதிவிடுகிறார்கள். அறுவை முடிந்து ஆறு வாரம் கடந்த செயற்கை மூட்டுக்கு 3,000 என்பதே எச்சரிக்கை மணி. அதில் 80 சதவீதம் நியூட்ரோஃபில் என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

ஆய்வகத்துக்கும் தனியாகச் சொல்லிவிட வேண்டும். வழக்கமான கல்ச்சர் தட்டை இரண்டு மூன்று நாளில் எறிந்துவிடுவார்கள். தோள்மூட்டில் மெதுவாக வேலை செய்யும் கியூட்டிபாக்டீரியம் போன்ற கிருமிகள் தலைகாட்டவே ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும். '14 நாள் வைக்கவும்' என்று படிவத்தில் எழுதியதோடு விடாமல், மைக்ரோபயாலஜி டெக்னீஷியனைப் போனில் அழைத்தும் சொல்கிறேன்.

பொள்ளாச்சிப் பக்கத்து அம்மா ஒருவர் வந்தார். இரண்டு முழங்காலும் மாற்றி ஓராண்டு ஆகிறது. இடது முட்டிக்குக் கீழே சின்ன துவாரம், அதில் சீழ். மகன் கையில் ஒரு துணிப்பை. மேஜைமேல் கொட்டினார். செஃபிக்சிம், அமாக்சிசிலின் கிளாவுலனேட், லீவோஃப்ளாக்சசின், லினசோலிட். ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் எழுதியது, பாதி அட்டை தீர்ந்தது, பாதி மிச்சம். எந்த இடத்திலும் நீர் எடுத்துப் பார்க்கவில்லை. எல்லா ஆன்டிபயாடிக்கையும் இன்றோடு நிறுத்துங்கள், இரண்டு வாரம் கழித்து ஊசி போட்டுப் பார்ப்போம் என்றேன்.

"ஏனுங்க டாக்டரம்மா, சீழ் வடிஞ்சிட்டு இருக்குதுங்க. இருக்கிற மருந்தையும் நிறுத்தச் சொல்றீங்களே?" என்றார் மகன். குரலில் கோபம் இருந்தது, அது நியாயமான கோபம்.

"தம்பி, இந்த மருந்தெல்லாம் கிருமியைக் கொல்லலை, ஒளிய வெச்சிருக்கு. அது வெளிய வந்தாத்தான் யாருன்னு பார்க்க முடியும். அதுவரைக்கும் தினமும் காலையிலயும் ராத்திரியும் காய்ச்சல் பார்த்து எழுதி வைங்க. 100-ஐத் தாண்டினா, நடுக்கம் வந்தா, அம்மா பேச்சு மாறினா, நேரம் காலம் பார்க்காம கூப்பிடுங்க."

அந்த இரண்டு வாரம்தான் இந்தத் தொழிலில் கடினமான சிகிச்சை என்பேன். மருந்து எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டியதில்லை. எழுதாமல் இருப்பதற்கு நோயாளியின் நம்பிக்கை வேண்டும், கூப்பிட்டால் எடுக்கிற போன் வேண்டும், நம் முடிவின்மேல் நமக்கு உறுதி வேண்டும். அந்த அம்மாவுக்கு ஊசியில் வந்தது ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். தோலில் சாதுவாக இருக்கும் கிருமி, உலோகத்தில் ஏறினால் விடாக்கண்டன். பைக்குள் இருந்த அமாக்சிசிலினும் செஃபிக்சிமும் அதற்குக் கேட்கவே கேட்காது.

கிருமியின் பெயர் தெரிந்த பிறகும் மருந்து தனியாக எதையும் சாதிக்காது. கத்தி வேண்டும். அறுவை முடிந்து ஒரு மாதத்துக்குள், அல்லது தொந்தரவு தொடங்கி மூன்று வாரத்துக்குள் வந்துவிட்டால், மூட்டு ஆடாமல் உறுதியாக இருந்தால், திறந்து கழுவி, கெட்ட சதையை எடுத்து, பிளாஸ்டிக் பகுதியை மட்டும் மாற்றி உலோகத்தைக் காப்பாற்றிவிடலாம். அதைத் தாண்டினால் படலம் முற்றிவிடும், மொத்த மூட்டையும் கழற்ற வேண்டும். அந்த அம்மாவுக்குக் கழற்றத்தான் வேண்டியிருந்தது. ஓ.டி.யில் நான் நிற்பது மாதிரிகளுக்காக. ஐந்து அல்லது ஆறு இடத்தில் திசு எடுக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கருவி, தனித்தனிக் குப்பி. ஒரே கிருமி ஒன்றுக்கு மேற்பட்ட குப்பியில் வந்தால்தான் அது குற்றவாளி. ஒன்றில் மட்டும் வந்தால் தோலிலிருந்து தொற்றியதாக இருக்கலாம்.

கழற்றிய இடத்தில் சிமென்டாலான தற்காலிக மூட்டு வைப்பார்கள், ஸ்பேசர் என்போம். 40 கிராம் சிமென்ட் பாக்கெட்டுக்கு இரண்டிலிருந்து நான்கு கிராம் வான்கோமைசின் பொடி. பொடியைக் கட்டியில்லாமல் நசுக்கிக் கலந்து, திரவத்தை ஊற்றியதும் மூக்கைத் துளைக்கும் நெடி அறை முழுக்கப் பரவும். கிண்ணத்தில் குழைந்து, பிறகு கையுறைக்கு மேலேயே சூடு தெரிய இறுகும். அந்தச் சூட்டைத் தாங்கும் மருந்துகள் மட்டுமே இதற்கு ஆகும். ரத்தத்தில் ஏற்றினால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் அளவு மருந்து, இங்கே மூட்டுக்குள் மட்டும் மெல்லக் கசிந்துகொண்டிருக்கும். இந்த யோசனை ஹாம்பர்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் வில்ஹெல்ம் புக்கோல்ஸுடையது. ஜென்டாமைசினைச் சிமென்டில் கலந்தால் அது வெளியே கசிகிறது என்று 1970-இல் அவரும் எங்கெல்பிரெக்டும் எழுதினார்கள். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையை நிலைநிறுத்திய ஜான் சார்ன்லி வேறு வழியில் போனார். அறுவை அறையின் காற்றையே வடிகட்டி, மருத்துவர்களுக்கு முழு உடல் அங்கி மாட்டி, தொற்று விகிதத்தை ஒரு சதவீதம் அளவுக்கு இறக்கினார். இருவர் வழியும் இன்று ஒரே அறையில் சேர்ந்திருக்கின்றன.

இனி ரிஃபாம்பிசின். செயற்கை மூட்டுத் தொற்றைப் பற்றி எழுதினால் இந்தச் சிவப்புக் கேப்சூலைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். படலத்துக்குள் மெதுவாக வாழும் ஸ்டஃபைலோகாக்கஸை எட்டிக் கொல்லக்கூடிய மருந்து இது. 1998-இல் வெர்னர் சிம்மர்லியின் குழு ஸ்விட்சர்லாந்தில் செய்த ஆய்வில் சேர்ந்தவர்கள் 33 பேர்தான். உலோகத்தைக் கழற்றாமல் கழுவிவிட்டு, ஒரு பிரிவுக்கு சிப்ரோஃப்ளாக்சசினோடு ரிஃபாம்பிசின், மற்றதற்கு சிப்ரோஃப்ளாக்சசின் மட்டும். முழுச் சிகிச்சையையும் முடித்தவர்களில் ரிஃபாம்பிசின் பிரிவில் 12 பேரில் 12 பேரும் குணமானார்கள். மற்றதில் 12 பேரில் 7 பேர். 2020-இல் நார்வேயில் நடந்த ஆய்வில் ரிஃபாம்பிசினால் பெரிய பலன் தெரியவில்லை என்று வந்தபோது எங்கள் வட்டாரத்தில் வாக்குவாதம் நடந்தது. அதில் துணை மருந்து கிளாக்சசிலின் அல்லது வான்கோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் போல, படலத்தை எட்டும் குயினலோன் வகை இல்லை. இரண்டுமே சிறிய ஆய்வுகள். நான் இன்னும் ரிஃபாம்பிசின் பக்கம்தான் இருக்கிறேன்.

ஆனால் இதைத் தனியாகக் கொடுக்கவே கூடாது. கிருமியின் ஒரே ஒரு மரபணுவில் ஒரு சிறு மாற்றம் போதும், மருந்து செத்துவிடும். கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும்போது அந்த மாற்றம் பெற்றவை சில ஏற்கனவே அங்கே இருக்கும். எனவே கழுவி எண்ணிக்கையைக் குறைத்த பிறகு, டிரெயின் குழாயை எடுத்துவிட்டுக் காயம் காய்ந்த பிறகு, துணை மருந்து ஒன்று உடம்பில் ஏறிய பிறகு, கடைசியாக நுழைய வேண்டிய மருந்து இது. முதல் நாளே எழுதிவிடும் அவசரத்தை எத்தனையோ முறை தடுத்திருக்கிறேன்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. ரிஃபாம்பிசின் என்றால் காசநோய் மருந்து. மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்ததும் "வீட்ல யாருக்கு டிபி?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிடுகிறார். பொள்ளாச்சி அம்மாவின் மருமகள் பேரக் குழந்தையைப் பாட்டியிடம் விடவே தயங்கினாள். அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இது வேறு கிருமி, ஒட்டாது, மருந்து மட்டும்தான் ஒன்று என்று விளக்கினேன். அதிலிருந்து மருந்துச் சீட்டிலேயே 'மூட்டுத் தொற்றுக்காக, காசநோய்க்கு அல்ல' என்று தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். இதன் மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது. செயற்கை மூட்டில் உண்மையாகவே காசநோயும் வரும். இருமலும் எடைக் குறைவும் இருக்கும் ஒருவருக்கு நெஞ்சுப் படம் எடுக்காமல், சளி பார்க்காமல், ரிஃபாம்பிசினும் குயினலோனும் கொடுத்தால் காசநோய்க் கிருமியை அரைகுறையாக அடித்து, எதிர்ப்புச் சக்தியைக் கற்றுக்கொடுத்து அனுப்பியதாகும். அதனால் எடுத்த திசுவில் ஒரு பங்கு காசநோய்ச் சோதனைக்கும் போகும், தவறாமல்.

கேப்சூல் தொடங்கும் நாளில் நான் சொல்பவை: விடிகாலையில் வெறும் வயிற்றில் போட வேண்டும். சிறுநீர், வியர்வை, கண்ணீர்கூட ஆரஞ்சு நிறமாகும், பயப்பட வேண்டாம். வெள்ளைப் படுக்கைவிரிப்பில் கறை ஏறும். சர்க்கரை மாத்திரைகள் சிலவற்றை ஈரல் வேகமாகக் கரைத்துவிடுவதால் சர்க்கரை ஏறும், அடிக்கடி பார்க்க வேண்டும். வார்ஃபரின் போடுகிறவருக்கு ரத்தம் உறையும் அளவு தாறுமாறாகும், தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டிவரலாம். மஞ்சள் காமாலை அறிகுறி வந்தால் நிறுத்திவிட்டு வந்துவிட வேண்டும். துணை மாத்திரை சிப்ரோஃப்ளாக்சசின் என்றால் இன்னொன்றும் சேரும். மூட்டு மாற்றிய நம் பெண்கள் எல்லாருமே கால்சியம் மாத்திரை போடுகிறவர்கள், அதுவும் மாத்திரைகள் அத்தனையையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கு பாலில் விழுங்கும் பழக்கம். பாலும் கால்சியமும் இரும்புச்சத்தும் சிப்ரோஃப்ளாக்சசினைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். விலை கொடுத்து வாங்கிய மருந்து ரத்தத்துக்குப் போகாமலே வெளியேறும். குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாணில் வலி வந்தாலும் சொல்ல வேண்டும். அது அறுந்துபோகக்கூடும்.

மாத்திரை போதுமா, டிரிப்ஸில்தானே ஏற வேண்டும் என்பது அடுத்த கேள்வி. இங்கே நரம்பில் ஏறும் மருந்துக்கு ஒரு மரியாதை உண்டு, மருத்துவர்களிடமும் உண்டு. எலும்பு, மூட்டுத் தொற்றுக்கு ஆறு வாரம் நரம்பு ஊசிதான் என்ற பழக்கம் நெடுங்காலம் யாரும் கேள்வி கேட்காமலே நின்றது. 2019-இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வெளிவந்த ஓவிவா ஆய்வு அதை அசைத்தது. பிரிட்டனின் 26 மையங்கள், 1,054 நோயாளிகள். ஓராண்டு முடிவில் நரம்பு ஊசிப் பிரிவில் சிகிச்சை தோற்றவர்கள் 14.6 சதவீதம், மாத்திரைப் பிரிவில் 13.2. குழாய் சார்ந்த சிக்கல்களோ நரம்புப் பிரிவில்தான் அதிகம்.

அந்த ஆய்வைப் படித்தபோது எனக்குச் சென்னை சேத்துப்பட்டுதான் நினைவுக்கு வந்தது. காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்கை, நல்ல காற்று, நல்ல சாப்பாடு என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 1956-இல் அங்கே தொடங்கிய மையத்தில் 193 நோயாளிகளைப் பிரித்து ஆய்ந்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில். மறு பாதி மதராஸின் நெரிசலான வீடுகளிலேயே இருந்துகொண்டு அதே மாத்திரைகள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளியான அந்த முடிவு உலகத்தின் காசநோய் சிகிச்சையையே மாற்றியது. சரியான மருந்தாக இருந்து அதை ஒழுங்காக விழுங்கினால் படுக்கை தேவையில்லை என்று நம் ஊரிலேயே நிரூபித்துக் காட்டிய பிறகு, வால்பாறையிலிருந்து ஒரு தோட்டத் தொழிலாளியை ஆறு வாரம் வாடகை அறையில் தங்கவைத்து ஊசி போடச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. குடலில் நன்றாக உறிஞ்சப்படும் மருந்து கிருமிக்குக் கேட்கும் என்றால், காயம் ஆறியதும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன்.

எல்லாருக்கும் அந்த வாய்ப்பு இல்லை. இங்கே கிராம் நெகட்டிவ் கிருமிகள் அதிகம், அதிலும் எந்த மாத்திரைக்கும் கேட்காதவை. அப்போது மெரோபெனம், சில வேளை கோலிஸ்டின். கோலிஸ்டின் ஓடும் நாட்களில் நான் முதலில் பார்ப்பது காயத்தை அல்ல, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினை. 2017-இல் முழங்கால் இம்ப்ளான்டின் விலைக்கு மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது பெரிய நன்மை. ஆனால் அந்த மூட்டில் கிருமி வந்தால் இரண்டு அறுவை, ஸ்பேசர், வாரக்கணக்கில் மருந்து என்று ஆகும் செலவுக்கு வரம்பு இல்லை. நகை அடகுக்குப் போவதைப் பார்க்கிறேன்.

எவ்வளவு நாள் என்பதில் பேரம் நடக்கும். ஆறு வாரத்தில் கால் நன்றாகிவிட்டது, நிறுத்திவிடலாமே என்பார்கள். 2021-இல் பிரான்ஸில் நானூற்றுக்கும் மேற்பட்டவர்களை வைத்து இதைத்தான் சோதித்தார்கள். ஆறு வாரம் எடுத்தவர்களில் 18.1 சதவீதம் பேருக்குத் தொற்று நீங்கவில்லை, பன்னிரண்டு வாரம் எடுத்தவர்களில் 9.4. உலோகத்தைக் கழற்றாமல் கழுவி வைத்தவர்களிடம் வித்தியாசம் இன்னும் தெளிவு. எனவே பன்னிரண்டு. இதில் நான் இறங்குவதில்லை.

கழற்றவும் முடியாத, குணப்படுத்தவும் முடியாத மூட்டுகள் உண்டு. இதயம் பலவீனமான, எண்பதைக் கடந்த பெரியவர் ஒருவர் என்னிடம் வருகிறார். மயக்க மருந்து கொடுத்தால் எழ மாட்டார் என்று மயக்கவியல் மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இடுப்பில் ஒரு துவாரம், அவ்வப்போது கசியும். அவருக்கு டாக்சிசைக்ளின், காலையும் இரவும், எப்போதைக்குமாக. தொற்றைப் போக்குவதற்கு இல்லை, அடக்கி வைப்பதற்கு. "எத்தனை நாளைக்குங்க?" என்று முதல் தடவை கேட்டார். "நீங்க இருக்கிற வரைக்கும் ஐயா" என்றேன். "அப்படீன்னா மொத்தமா எழுதிக் குடுத்துருங்க, பஸ் ஏறி வர்றது சிரமமா இருக்குதுங்க" என்றார். மொத்தமாக எழுத மாட்டேன். மூன்று மாதத்துக்கு மட்டும் எழுதுவேன். ரத்தம், ஈரல், சிறுநீரகம் பார்க்க வேண்டும், துவாரத்தைப் பார்க்க வேண்டும், வேறு மருத்துவர் புதிதாக எதையாவது சேர்த்திருக்கிறாரா என்று பையைக் கொட்டிப் பார்க்க வேண்டும். போன தடவை அவர் பாதத்தில் பித்தவெடிப்பு ஆழமாகிச் சிவந்திருந்தது. தோட்டத்தில் செருப்பில்லாமல் நடக்கிறார். அந்த வெடிப்பு வழியாக ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ரத்தத்தில் நுழைந்தால், மாற்றிய இன்னொரு இடுப்பையும் போய்ப் பிடிக்கும். வெடிப்புக்கு மருந்தும், எம்.சி.ஆர். செருப்புக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை வரும்போது செருப்பைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.